கேளுங்க, சொல்றோம்: இந்த வாரம் பூரா குரங்குதான்

போன மாசம் தென்னந்தோப்புல குரங்கு தொல்லை பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார், நாலு வரில பதில் போட்டோம். அதுக்கப்புறம் வர்ற கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்துலயும் குரங்குதான். சிலர் வீடியோவே எடுத்து அனுப்பியிருக்காங்க, ஒரு வீடியோல போன் பிடிச்சவரோட துண்டையே உருவிட்டு ஓடுது. அதனால இந்த வாரம் வேற கேள்வியே இல்ல, மொத்தமா இதைப் பேசி முடிச்சிருவோம். கேட்டவங்க பேர் போடல, ஊர்ப்பக்கம் மட்டும்தான், ஏன்னா பாதிப் பேர் கேட்டிருக்கறதே "இப்படி பண்ணா கேஸ் ஆகுமா"ன்னுதான்.

போளூர் பக்கம், மலையடிவாரம், மல்லாட்டை (நிலக்கடலை) விவசாயி: எங்க அப்பா காலத்துல குரங்குன்னா மலைக்கோயில்ல இருக்கும், அமாவாசைக்கு போனா பாப்போம். இப்ப விதை ஊனின மறுநாளே கொல்லையில இறங்கி வரிசை பிடிச்சு தோண்டுது, அதுல தப்பிச்சது காய் பிடிக்கறப்போ செடியோட வருது. எப்படி சார் இவ்வளவு பெருகுச்சு?

ஐயா, சொன்னா உங்களுக்கு கோவம்தான் வரும், ஆனாலும் சொல்லிடறேன். நம்ம நாட்டுக்குரங்கு மொத்தத்துல பாத்தா பெருகல, குறைஞ்சுக்கிட்டு வருது. உச்சந்தலையில குல்லா கவுத்த மாதிரி முடி சுத்தி நிக்குமே, அந்தக் குரங்கு தென்னிந்தியாவை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. மைசூர் பக்கம் 25 வருஷ இடைவெளில குரங்கை எண்ணிப் பாத்து 2017ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்துச்சு, அதுல 65 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போயிருக்கு. அதுக்கப்புறம்தான் இது அழியற ஆபத்துல இருக்கற இனம்னு சர்வதேச அளவுல பட்டியல்ல ஏத்தினாங்க, அதுவரைக்கும் "கவலைப்பட ஒண்ணுமில்ல"ங்கற வரிசைலதான் இருந்துச்சு.

அப்போ உங்க கொல்லையில நிக்கறது என்ன, பொய்யா? இல்ல, அது நிஜம்தான். நாட்டுக்குரங்கு நடுக்காட்டு ஜீவன் கிடையாது, காட்டு ஓரம், கோயில் குளம், சாலையோரம், அதான் அதுக்கு பழக்கப்பட்ட இடம். ராஜா காலத்துல இருந்து ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆலமரம், அரசு, அத்தி, புளி, நாவல்னு வெச்சிருந்தாங்க, ஒரு ஆலமரம் பழுத்தா ஒரு கூட்டமே சாப்பிடலாம், ஒரு மரம் முடிஞ்சா அடுத்தது, இப்படியே வருஷம் ஓடிடும். ரோடு நாலு வழி ஆச்சு, ஆறு வழி ஆச்சு, மரம் பூரா போச்சு, பதிலுக்கு நடுவுல அரளிச்செடி வெச்சாங்க, அதை மாடு கூட திங்காது. சரி மலைக்காவது போகலாம்னா அங்க பல இடத்துல தைலமரமும் உன்னிச்செடியும்தான் மண்டிக் கிடக்கு. இந்தப் பக்கம் பாத்தா போர் போட்டு வருஷம் முழுக்க பச்சையா உங்க கொல்லை. காட்டுல நாள் பூரா அலைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா பொறுக்கித் திங்கறதுக்கு பதிலா இங்க அரை மணி நேரத்துல மல்லாட்டையா கன்னத்துப் பையில அடைச்சுக்கிட்டு மரத்துல போய் உக்காந்து நிதானமா மென்னு முழுங்கலாம். நீங்க விரட்டறதுக்குள்ள அது வாங்கிட்டுப் போறது ஒரு வேளை சாப்பாடு.

அதாவது பரவலா இருந்தது இப்ப சோறு இருக்கற இடத்துல வந்து குவிஞ்சிருக்கு. அப்படி குவிஞ்ச கூட்டம் நல்லா தின்னா குட்டி நல்லா தங்கும், அதனால உங்க ஊர்க் கூட்டம் மட்டும் பெருகியும் இருக்கலாம். நாட்டு மொத்தத்துல குறையறதும் உங்க கொல்லையில கூடறதும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல. உங்க நஷ்டத்தை இதனால யாரும் குறைச்சுப் பேச முடியாது, ஆனா மருந்து என்னன்னு முடிவு பண்றப்போ இது தெரிஞ்சிருக்கணும்.

திண்டுக்கல் மாவட்டம், மாந்தோப்புக்காரர்: பிடிச்சுக்கிட்டுப் போய் காட்டுல விடுங்கன்னு மனு குடுத்து அலுத்துட்டேன். ஒரு பார்ட்டி குரங்குக்கு இவ்வளவுன்னு பேசி பிடிச்சுத் தரேங்கறான். நாமளே செலவு பண்ணி பிடிச்சா என்ன தப்பு? கொல்லப் போறது இல்லியே?

அண்ணே, அந்த பார்ட்டி நம்பரை முதல்ல அழிச்சிருங்க. 1972 வனவிலங்கு சட்டத்துல 'வேட்டை'ன்னா சுடறது மட்டும் இல்ல, கூண்டு வெக்கறது, வலை போடறது, பிடிக்கறது எல்லாமே அதுலதான் வரும். 2022ல சட்டத்தை திருத்தினப்போ நாட்டுக்குரங்கை முதல் அட்டவணைக்கு தூக்கிட்டாங்க, யானை புலி இருக்கற அதே அட்டவணை. 2023 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. அதுல மாட்டினா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம், அபராதம் 25,000 ரூபாய்க்கு குறையாது. பிடிச்சுக் குடுத்தவன் காசை வாங்கிட்டு போயிடுவான், தோப்பு உங்க பேர்லதானே இருக்கு.

முன்னாடி ரெண்டாவது அட்டவணைல இருந்தப்போ, நிக்கற பயிருக்கு சேதம்னு காட்டி தலைமை வனவிலங்கு காப்பாளர்கிட்ட உத்தரவு கேக்க சட்டத்துல ஒரு வழி இருந்துச்சு. முதல் அட்டவணைக்கு அந்த வழி கிடையாது, மனுஷ உயிருக்கு ஆபத்து, இல்ல அதுவே தேற முடியாத நோய்ல கிடக்கு, இப்படி இருந்தாத்தான். கேரளா அரசு இதை மறுபடியும் ரெண்டாவது அட்டவணைக்கு இறக்குங்கன்னு சென்ட்ரலை கேட்டுட்டு இருக்கு. நடக்குமா, பாப்போம்.

சட்டத்தை விடுங்க, காரியமா இது வேலைக்கு ஆகுமான்னு பாருங்க. குரங்குக் கூட்டத்துக்கு முதுகெலும்பு பொம்பளைக் குரங்குங்கதான், அம்மா, மக, பேத்தின்னு அதே இடத்துல தலைமுறையா இருக்கும், ஆம்பளைங்க வளந்ததும் வேற கூட்டம் தேடிப் போயிடும். நீங்க கூண்டு வெச்சா முதல்ல மாட்டறது பயமில்லாத ரெண்டு ஆம்பளைக் கடுவனும் விவரம் தெரியாத குட்டிங்களும். அம்மாக்காரிங்க தூரத்துல உக்காந்து வேடிக்கை பாக்கும். கூட்டம் உடையும், இருந்த ஒண்ணு ரெண்டாகும், தோப்பு மட்டும் அதேதான், காலி இடத்துக்கு பக்கத்துக் கூட்டம் வரும்.

கொண்டு போய் விட்ட குரங்கு என்ன பண்ணும்? அதுக்கு காட்டுல எந்த மரம் எப்ப பழுக்கும்னு தெரியாது, அதுக்கு தெரிஞ்சது பரோட்டாக் கடையும் மாந்தோப்பும்தான். மொதல்ல கண்ணுக்குப் படற ஊர்ல இறங்கிடும். மலையடிவாரத்து ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க, "ராத்திரி வேன்ல கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டாங்க"ன்னு சொல்லாத ஊர் இருக்கான்னு. டவுன்ல கவுன்சிலருக்கு நல்ல பேர், அடிவாரத்துல நிலக்கடலை போட்டவனுக்கு பட்டை நாமம். எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப கோவம் வர்றது இதுலதான், ஏன்னா இங்க கஷ்டத்தை யாரும் தீர்க்கல, குரல் கம்மியா இருக்கற ஆளு தலையில தள்ளிட்டுப் போறாங்க.

புதுக்கோட்டை மாவட்டம்: ஹிமாச்சல்ல குரங்கை சுட பர்மிஷன் குடுத்தாங்களாமே. நம்ம ஊர்லயே காட்டுப்பன்னிக்கு குடுத்துட்டாங்க. குரங்குக்கு மட்டும் என்னவாம்?

பன்னி கணக்கு வேற தம்பி. 2025 ஜனவரில தமிழ்நாடு அரசு சொன்னது, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள வந்தா தொடக்கூடாது, 1ல இருந்து 3க்குள்ளன்னா பிடிச்சு காட்டுல விடணும், 3க்கு மேல வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம். கவனிங்க, வனத்துறை ஆளுங்க, நீங்களும் நானும் இல்ல.

ஹிமாச்சல் கதையை முழுசா சொல்றேன், ஏன்னா இந்தியாவுலயே குரங்கு விஷயத்துல எல்லா வைத்தியமும் பாத்த மாநிலம் அதுதான். அங்க இருக்கறது வேற சாதி, சிவந்த மூஞ்சி ரீசஸ் குரங்கு. 1978 வரைக்கும் இந்தியாவுல இருந்து இந்தக் குரங்கை அமெரிக்காவுக்கு ஏத்துமதி பண்ணிட்டு இருந்தாங்க, ஆராய்ச்சிக்கு, போலியோ தடுப்பு மருந்து தயாரிக்க. மருத்துவத்துக்குன்னு வாங்கின குரங்கை ஆயுத சம்பந்தமான சோதனைக்கும் போடறாங்கன்னு பெரிய எதிர்ப்பு கிளம்பி, மொரார்ஜி தேசாய் அரசாங்கம் நிறுத்திருச்சு. அந்தத் தடையை எடுங்கன்னு ஹிமாச்சல் விவசாயிங்க ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருந்தாங்க.

2004 கணக்கெடுப்புல அங்க சுமார் 3 லட்சத்து 17 ஆயிரம் குரங்கு. மக்காச்சோளம், ஆப்பிள், காய்கறி எதுவும் வீட்டுக்கு வரலன்னு நிலத்தையே தரிசா போட்டுட்டுப் போனவங்க நிறைய. 2006-07ல கருத்தடை ஆரம்பிச்சாங்க, பிடிச்சுக் குடுத்தா காசு, ஆபரேஷன் பண்ணி அதே இடத்துல கொண்டு வந்து விடறது. வருஷக்கணக்கா ஓடுச்சு, ஒன்றரை லட்சத்துக்கு மேல பண்ணியிருக்காங்க. இதுக்கு நடுவுல 2016ல சிம்லா டவுன்ல, அப்புறம் பல தாலுக்காவுல, குரங்கை தீங்கு விலங்குன்னு அறிவிச்சாங்க, கொல்லலாம், கேஸ் கிடையாது, மேல காசும் தரோம். எத்தனை பேர் துப்பாக்கி தூக்கினாங்கன்னு நினைக்கறீங்க? விரல் விட்டு எண்ணலாம். பயிர் போன வயித்தெரிச்சல் இருக்கு, இருந்தாலும் கண்ணெதிர்ல அனுமார் மூஞ்சி, குட்டியை வயித்துல கட்டிக்கிட்டு நிக்குது, யார் சுடுவா? "இது நாங்க செய்யற வேலை இல்ல, கவர்மென்ட்டே செய்யட்டும்"னு விவசாய சங்கத்துக்காரங்களே சொன்னாங்க.

2015ல எண்ணினப்போ சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம், அதுக்கடுத்த எண்ணிக்கைல 1 லட்சத்து 36 ஆயிரம். குறைஞ்சது துப்பாக்கியால இல்ல, பெரும்பாலும் கத்தியால, அதாவது ஆபரேஷன் கத்தி. ஆனா இதுல ஒரு விஷயத்தை யாரும் மேடையில சொல்ல மாட்டாங்க. கருத்தடை பண்ண குரங்குக்கும் பசிக்கும். பண்ண மறுநாளும் அது வயலுக்கு வரும், அதோட ஆயுசு வரைக்கும் வரும். பத்து வருஷம் தொடர்ந்து பண்ணாத்தான் வித்தியாசம் கண்ணுல படும், நடுவுல ஒரு கலெக்டர் மாறி ஒரு பட்ஜெட் நின்னா மறுபடி முதல்ல இருந்து. தெலங்கானாவும் நிர்மல் பக்கத்துல 2020 டிசம்பர்ல இதே மாதிரி ஒரு மையம் திறந்தாங்க. நம்ம நாட்டுக்குரங்குக்கு கண்ணை மூடிக்கிட்டு இதை செய்ய முடியாது, ஏற்கனவே குறையற இனம். எந்தக் கூட்டம், எந்த ஊருன்னு பாத்து அளவா வேணா செய்யலாம்.

தென்காசி, இல்லத்தரசி: நான் சனிக்கிழமை தோறும் மலையடிவாரத்துக்கு போய் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போடறேன். அனுமாருக்கு வேண்டுதல். இதைக் கூட தப்புன்னு சொல்வீங்களா?

தப்புதான் அக்கா. வேண்டுதல் தப்பு இல்ல, பிஸ்கட் தப்பு. நீங்க காருக்குள்ள ஏறி வீட்டுக்கு வந்துடறீங்க, அது ஞாயித்துக்கிழமையும் அதே பசியோட, அதே பழக்கத்தோட, மனுஷன் கையில பை இருந்தா அதுல சோறு இருக்குங்கற பாடத்தோட அங்கயேதான் இருக்கும். திங்கக்கிழமை ஒரு பாட்டி ரேஷன் பையோட அந்தப் பக்கம் நடப்பாங்க. ரோட்டு ஓரத்துல போட்டா வண்டில அடிபட்டு சாகறதும் நிறைய. அனுமார் கோயில்ல வெண்ணெய் சாத்துங்க, வடைமாலை போடுங்க, வடையை மனுஷங்களுக்கு குடுங்க. இல்ல அந்த ஜீவனுக்கேதான் செய்யணும்னா ஊர்ல இருந்து தள்ளி ரெண்டு ஆலங்கன்னோ அத்திக்கன்னோ நட்டு மூணு வருஷம் தண்ணி ஊத்துங்க.

தர்மபுரி மாவட்டம், இளைஞர்: யூடியூப்ல பிவிசி பைப், கார்பைடு கல்லு, லைட்டர் வெச்சு குரங்கு விரட்டற துப்பாக்கி செய்யறதை பாத்தேன். 200 ரூபாய்தான் ஆகுது. நல்ல சத்தம். செய்யலாமா?

செய்யாதீங்க. கார்பைடுல தண்ணி பட்டா அசிட்டிலீன் கேஸ், வெல்டிங் பட்டறைல எரியுமே அதே கேஸ். அது எப்ப பத்தும்னு அந்த பைப்புக்கே தெரியாது. வெடிக்கலியேன்னு குனிஞ்சு உள்ள பாக்கறப்போதான் பத்தும், அப்படித்தான் எல்லாருக்கும் ஆகுது. விவசாயிங்க குரங்கு விரட்ட வெச்சிருந்த இந்த சாமானைத்தான் 2025 தீபாவளிக்கு மத்தியப்பிரதேசத்துல பட்டாசு மாதிரி வித்தாங்க, போபால் சுத்துவட்டாரத்துல நூத்துக்கும் மேல பேருக்கு கண்ணுல காயம், அதுல நிறைய பேர் சின்னப் பசங்க, சிலருக்கு பார்வையே போச்சு. அதுக்கப்புறம் தடை பண்ணாங்க. குரங்கு நாலு நாள் பயப்படும், அஞ்சாம் நாள் சத்தத்துக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லன்னு கண்டுபிடிச்சிடும். கண்ணு திரும்பி வராது தம்பி.

இன்னொண்ணு, கேக்காமலே சொல்லிடறேன். வீட்டுக் கரண்ட்டை நேரா கம்பியில விடறது. அதுல செத்தது குரங்கை விட மனுஷன்தான் ஜாஸ்தி, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரர், சில சமயம் போட்டவரே.

வவுனியா, இலங்கை: அண்ணை, எங்கட வளவில (வீட்டுத் தோட்டத்தில) நிக்கிற தென்னையில ஒரு தேங்காய் மிஞ்சுதில்லை, குரும்பையிலயே பிடுங்கி எறியுதுகள். அரசாங்கம் அஞ்சு நிமிசத்தில குரங்கு எண்ணின கதை உங்கட பக்கம் வந்ததோ? சீனாவுக்கு அனுப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும் எண்டு இப்பவும் சனம் கதைக்குது. நீங்கள் என்ன நினைக்கிறியள்?

வந்துச்சு அண்ணே, இங்க எல்லாரும் ஆர்வமா பாத்தோம். வெளியூர் வாசகர்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 2023 ஏப்ரல்ல அப்போ விவசாய அமைச்சரா இருந்த மகிந்த அமரவீர, சீனா 1 லட்சம் குரங்கு கேக்குது, அவங்க மிருகக்காட்சிசாலைகளுக்குன்னு சொன்னார். உலகத்துல இருக்கற எல்லா மிருகக்காட்சிசாலையும் சேந்தாலும் 1 லட்சம் குரங்கை வெச்சு என்ன பண்ணும்னு கேள்வி வந்துச்சு, ஆராய்ச்சிக்கூடத்துக்குதான் போகுதுன்னு சந்தேகம், சுற்றுச்சூழல் ஆளுங்க கோர்ட்டுக்குப் போனாங்க, கடைசில அனுப்பற எண்ணம் இல்லன்னு அரசாங்கமே கோர்ட்ல சொல்லிருச்சு. அப்புறம் 2025 பிப்ரவரி 9, பாணந்துறை மின்நிலையத்துல ஒரு குரங்கு ஏறினதால நாடு பூரா கரண்ட் போச்சுன்னு எரிசக்தி அமைச்சர் சொன்னார், ஒரு ஞாயித்துக்கிழமை மொத்த தீவும் இருட்டுல. அதுக்கு அடுத்த மாசம் 15ஆம் தேதி காலைல 8 மணில இருந்து 8.05 வரைக்கும், அவங்கவங்க வளவுல நிக்கற குரங்கு, மந்தி, மரஅணில், மயில் எல்லாத்தையும் எண்ணி எழுதித் தாங்கன்னு ஒரு கணக்கெடுப்பு. குரங்கு மட்டும் 50 லட்சத்துக்கு மேலன்னு முடிவு வந்துச்சு.

என் அபிப்பிராயம் கேக்கறீங்க. அஞ்சு நிமிஷக் கணக்கு அவங்கவங்க வளவுல அந்த நேரம் என்ன நின்னுச்சுன்னு சொல்லும், நாட்டுல எத்தனை இருக்குன்னு சொல்லாது. ஒரே கூட்டத்தை நாலு வீட்டுக்காரங்க எண்ணியிருக்கலாம், வேலி தாண்டினா ரெண்டு கணக்கு. விஞ்ஞானிங்களும் இதைத்தான் சொன்னாங்க. சீனா விஷயம், 1 லட்சம் பிடிக்கறதுன்னு வெச்சுக்குவோம், சுலபமா மாட்டறது ஊருக்குள்ள பழகின குரங்கு, சரி, அது போனா அந்த தென்னையும் அந்த குப்பைமேடும் அங்கயேதான இருக்கும், அடுத்த கூட்டம் வந்து உக்காரும். உங்க செங்குரங்கும் எங்க நாட்டுக்குரங்கு மாதிரிதான், இலங்கையை விட்டா வேற எங்கயும் கிடையாது, அழிவு ஆபத்துப் பட்டியல்ல எங்களுதை விட ஒரு படி மோசமான இடத்துல இருக்கு. அது ஒரு பக்கம், உங்க தேங்காய் ஒரு பக்கம், ரெண்டுமே உண்மை. தனித்தனி தென்னைக்கு தண்டுல தகரம் சுத்தறது குரங்குக்கு ஓரளவுதான் கேக்கும், ஓலைக்கு ஓலை முட்டற மாதிரி பக்கத்துல வேற மரம் நின்னா தகரம் வீண். தள்ளித் தனியா நிக்கற மரத்துக்கு மட்டும் அடிங்க.

அரூர் பக்கம்: கர்நாடகாவுல நாய்க்கு புலி மாதிரி கோடு போட்டு குரங்கை விரட்டினாங்களாமே, உண்மையா? வேலை செய்யுமா?

உண்மைதான், 2019ல, சிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளி தாலுக்கால ஒரு விவசாயி. முதல்ல புலி பொம்மை வெச்சுப் பாத்தார், அது வெயில்ல வெளுத்துப்போச்சு, அப்புறம் தலைமுடிச் சாயத்தால வீட்டு நாய்க்கே கோடு போட்டுட்டார். நாயோட அபிப்பிராயத்தை யாரும் பேட்டி எடுக்கல. யோசனை முட்டாள்தனம் இல்ல, தென்னிந்தியக் காடுகள்ல சிறுத்தை உருவ பொம்மை வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அந்தப் புள்ளித் தோலைப் பாத்த உடனே நாட்டுக்குரங்கு கத்திக்கிட்டு மரம் ஏறிடுது. ஆனா நகராத பொம்மை, கடிக்காத புலி எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். பாம்பு பொம்மை, டேப் ரெக்கார்டர் சிறுத்தை சத்தம், கண்ணாடி, மினுக்குக் காகிதம் எல்லாத்துக்கும் இதே கதி. அறுவடைக்கு முன்னாடி ரெண்டு வாரம் மட்டும் வெச்சு, இடத்தை மாத்திக்கிட்டே இருந்து, முடிஞ்சதும் எடுத்து உள்ள வெச்சிட்டா ஓரளவு உபயோகம். வருஷம் பூரா நட்டு வெச்சா அது மேலயே ஏறி உக்காரும்.

கிருஷ்ணகிரி மாவட்டம், மகளிர் குழு: சரி, எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னு சொல்றீங்க. என்னதான் பண்ணச் சொல்றீங்க? வேலி போட்டா ஆகுமா?

நியாயமான கேள்வி. ஜப்பான்ல இதே தலைவலி ரொம்ப காலமா இருக்கு, அங்கயும் கிராமத்துல வயசானவங்க மட்டும்தான் இருக்காங்க, இளவட்டம் டவுனுக்குப் போயிருச்சு, நம்ம ஊர் மாதிரியேதான். வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல குரங்கைப் பிடிச்சுக் கொல்லவும் செய்யறாங்க, அப்படியும் தீரல. தீர்ந்த ஊர்ல என்ன செஞ்சாங்கன்னு பாத்தா ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருது: ஊர் மொத்தமா சேந்து விரட்டினாங்க. என் வயல், உன் வயல்னு இல்ல, யார் வயல்ல குரங்கு இறங்கினாலும் பாத்தவங்க சத்தம் குடுக்கணும், கேட்டவங்க அத்தனை பேரும் ஓடி வரணும், வயல் ஓரத்தோட நிக்காம காட்டுக்குள்ள கொஞ்ச தூரம் வரைக்கும் தொரத்தணும். ஒருத்தர் மட்டும் விரட்டினா அது பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான், நீங்க விரட்டறதுக்காக அவருக்கு கோவம் வரும். ஊரே ஆபத்துன்னு புரிஞ்சாத்தான் கூட்டம் பாதையை மாத்தும். நாகானோ பக்கம் இதுக்குன்னே நாய்ங்களைப் பழக்கி வெச்சிருக்காங்க. கூட்டத்துல ஒரு பெரிய பொம்பளைக் குரங்குக்கு கழுத்துல ரேடியோ பட்டை மாட்டி, அது ஊர்ப்பக்கம் திரும்பினா முன்கூட்டியே தெரிஞ்சுக்கறாங்க. நம்ம ஊர்ல அதை வனத்துறைதான் செய்ய முடியும், கேளுங்க, செய்யக்கூடாத காரியம் இல்ல.

இன்னொண்ணும் அங்க செஞ்சாங்க. வீட்டுப் பின்னாடி பறிக்க ஆள் இல்லாம பழுத்துத் தொங்கற சீமைப்பனிச்சை மரம், வயல் ஓரத்துல கொட்டின சொத்தைக் காய்கறி, இதான் குரங்கை ஊருக்கு வர வைக்குதுன்னு கண்டுபிடிச்சு அதை முதல்ல ஒழிச்சாங்க. நம்ம ஊர்ல இது கொய்யாவும் தக்காளியும். விலை இல்லன்னு ரோட்டு ஓரமா கொட்டற தக்காளி, கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி இலை, கோழிக்கடை, டீக்கடை பன். மகளிர் குழுவுக்கு இது கைக்கு எட்டற வேலை, கிராமசபைல தீர்மானமா போடுங்க, பஞ்சாயத்து வண்டி தினமும் எடுக்கட்டும்.

வேலி கேட்டிருக்கீங்க. சோலார் வேலி குரங்குக்கு வேலை செய்யும், ஆனா பன்னிக்குப் போடற மாதிரி நாலு கம்பி போட்டா சர்க்கஸ் மாதிரி தாண்டிடும். உயரமா, கம்பி நெருக்கமா, கீழ வலை மேல கம்பின்னு இருக்கணும், கம்பத்தைத் தொட்டு ஏற முடியாதபடி கம்பத்துலயும் ஷாக் அடிக்கணும், முக்கியமா வேலிக்கு ரெண்டு பக்கமும் குதிக்கற தூரத்துல மரக்கிளை இருக்கக்கூடாது. ஒரு வேப்பங்கிளை போதும், மொத்த செலவும் பாழ். காப்புக்காட்டுல இருந்து 5 கிலோமீட்டருக்குள்ள நிலம் இருந்தா 2023 விதிப்படி வனத்துறை அனுமதி, பதிவு ரெண்டும் வேணும். மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல விண்ணப்பம் போடுங்க, குழுவா போங்க, தனியா போனா அலைய விடுவாங்க.

பயிர் மாத்தறது பத்தி எல்லாரும் ஈஸியா சொல்லிடுவாங்க, மஞ்சள் போடு, இஞ்சி போடு, சேனைக்கிழங்கு போடு, எள்ளு போடு, எலுமிச்சைப்புல் போடுன்னு. குரங்கு இதையெல்லாம் பெரும்பாலும் தொடாதுங்கறது சரிதான். ஆனா மானாவாரி நிலத்துல மஞ்சளுக்கு தண்ணி யார் தருவா? சேனைக்கிழங்கு விதைக்கு ஆகற செலவு என்ன? அதனால நான் சொல்றது, மொத்தமா மாத்தாதீங்க, காட்டை ஒட்டின ஓரத்துல மட்டும் குரங்கு தொடாத பயிரை ஒரு பட்டையா போட்டு, கடலையை வீட்டுப் பக்கமா, ஆள் நடமாட்டம் இருக்கற பக்கமா கொண்டு வாங்க. பரண்ல உக்கார ஊருக்குள்ள முறை வெச்சுக்குங்க, காலைல விடிஞ்ச உடனேயும் சாயங்காலமும்தான் முக்கியம்.

சேலம் மாவட்டம்: பையனை குரங்கு லேசா கீறிருச்சு. ரத்தம் கூட வரல. ஊசி போடணுமா?

இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு போன்லயே சொல்லிட்டோம், மத்தவங்களுக்காக இங்க. குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வெக்கக்கூடாது, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். குரங்கு கடிச்சாலும் கீறினாலும் ரேபிஸ் வரலாம், நாய்க்கடிக்குப் போடற அதே ஊசி, இலவசம், டாக்டர் எழுதித் தர்ற தேதி ஒண்ணு கூட விடக்கூடாது. காட்டு ஓரத்துல குரங்கு செத்துக் கிடந்தா கிட்டப் போகாம வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்க. 1957ல சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டுல கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சல் உண்ணி மூலமா மனுஷனுக்கு வருது, நீலகிரி வரைக்கும் கிருமி தட்டுப்பட்டிருக்கு.

ஈரோடு மாவட்டம்: யானை மிதிச்சா நஷ்டஈடு தராங்க. குரங்கு தின்னா ஒரு பைசா வரல. காப்பீட்டுலயாவது வருமா?

வர்றதுக்கு ஒரு கதவு இப்பதான் திறந்திருக்கு. பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்துல காட்டு விலங்கு சேதத்தையும் சேக்கப்போறதா 2025 நவம்பர்ல மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிச்சிருக்கு, 2026 காரிஃப் பருவத்துல இருந்து. ஆனா எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம்னு மாநில அரசுதான் பட்டியல் போடணும், அந்தப் பட்டியல்ல குரங்கு பேர் இருந்தாத்தான் உங்களுக்கு காசு. யானை, பன்னி எப்படியும் ஏறிடும், குரங்கு விட்டுப்போக நிறைய வாய்ப்பு இருக்கு, ஏன்னா யானை மாதிரி ஒரே ராத்திரில அழிக்காது, தினம் கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போகும், அதிகாரி வந்து பாக்கறப்போ வயல் பச்சையா நிக்கும், மண்ணுக்குள்ள காய் இருக்காது. அதனால உழவர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல இதை மனுவா குடுங்க, குரங்கு பேரைச் சேருங்கன்னு. சேதம் ஆனா 72 மணி நேரத்துக்குள்ள காப்பீட்டு ஆப்ல இடம் பதிவாகற மாதிரி போட்டோவோட தெரிவிக்கணும்ங்கறது விதி. போன்ல லொகேஷனை ஆன் பண்ணி வெச்சு, பிடுங்கின செடி, கடிச்சுப் போட்ட காய், அப்புறம் நிலத்தோட முழுத் தோற்றம் மூணையும் எடுங்க, இப்ப இருந்தே எடுக்க ஆரம்பிங்க, மனுவுக்கும் அதையே பின்னாடி வெச்சுக் குத்திக் குடுக்கலாம்.